வலியே இல்லை, பிறகு எதற்கு ரத்தப் பரிசோதனை?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, எனக்கு வயது 49. இளவயதில் கால்பந்து ஆடும்போது வலது இடுப்பில் அடிபட்டது. அது நாளடைவில் மூட்டுத் தேய்மானமாகி, 14 மாதங்களுக்கு முன், தேய்ந்த எலும்புத் தலைக்கு உலோகத் தொப்பி மாட்டும் ரீசர்ஃபேசிங் என்ற அறுவை செய்துகொண்டேன். பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகம். பந்தின் அளவு 50 மி.மீ. என்று அட்டையில் இருக்கிறது. ஆறாவது வாரத்தில் ஊன்றுகோலை விட்டேன். இப்போது தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், வலி இல்லை. அறுவை செய்த மருத்துவர், "பிரமாதம், இனி வலி வந்தால் மட்டும் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். போன மாதம் என் மைத்துனர் எதையோ படித்துவிட்டு, "உடம்புக்குள் விஷம் ஊறிக்கொண்டிருக்கிறது, உடனே எடுத்துவிடு" என்கிறார். பயந்துபோய் நானே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். கோபால்ட் 2.8, குரோமியம் 2.3 மைக்ரோகிராம்/லிட்டர். இரண்டுக்கும் எதிரே "அதிகம்" என்று அச்சாகியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், காரில் ஏறக் காலைத் தூக்கும்போது தொடை இடுக்கில் எப்போதாவது சுருக்கென்று ஒரு குத்தல் வருகிறது. சில நேரம் 'டக்' என்று சத்தமும் கேட்கிறது. இடது இடுப்பும் தேய ஆரம்பித்திருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்கும் இதையே வைக்கலாமா? இதை எடுத்துவிட வேண்டுமா?

பதில்:

எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போது அதற்கான அவசியம் எதுவும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்று இரவாவது நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் "வலி வந்தால் மட்டும் வாருங்கள்" என்று சொன்ன மருத்துவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மைத்துனர் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார் என்றால், மருத்துவர் தேவைக்கு மேல் தைரியம் கொடுத்துவிட்டார். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒரு மூட்டு, 14 மாதத்தில் நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இருவருமே பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் ஓராண்டில் தெரியவருவது பெரும்பாலும் அறுவை எப்படி நடந்தது என்பதுதான். புண் ஆறியதா, கிருமி புகுந்ததா, காலில் ரத்தம் உறைந்ததா, பந்து கிண்ணத்தை விட்டு நழுவியதா, எலும்பு கிண்ணத்தைப் பற்றிக்கொண்டதா என்பதெல்லாம் இந்தக் காலத்துக்குள் வெளிச்சமாகிவிடும். உங்கள் விஷயத்தில் எல்லாமே நல்லபடியாக முடிந்திருக்கிறது. வலி போனதில் ஆச்சரியமும் இல்லை. வலித்தது தேய்ந்து உரசிக்கொண்டிருந்த பழைய மூட்டு. அதை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் உலோகம் வைத்தாலும் செராமிக் வைத்தாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வைத்தாலும் முதல் ஆண்டில் நோயாளி சொல்வது ஒன்றுதான்: "ஏன் இதை முன்பே செய்துகொள்ளாமல் இருந்தேன்?"

பிரிட்டனில் 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உங்களுக்குச் செய்ததுபோல் ரீசர்ஃபேசிங்கும், மறு பாதிக்கு வழக்கமான முழு மூட்டு மாற்றும் செய்து பார்த்தார்கள். முடிவுகள் 2012-இல் வெளியாயின. ஓராண்டு முடிவில் இடுப்பின் இயக்கத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தென்படவில்லை. இதைப் படித்து 'அப்படியானால் இரண்டும் சமம்' என்று சொல்லிவிடக் கூடாது. ஓராண்டு என்பது அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்கான காலமே இல்லை. நாங்கள் கேட்கும் கேள்விகளும் அப்படி. ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண் என்று ஒன்று உண்டு. படி ஏற முடிகிறதா, காலுறை போட முடிகிறதா என்று 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண். நன்றாகத் தேறியவர்கள் எல்லோரும் நாற்பதுக்கு மேல் வாங்கி நிற்பார்கள். மூட்டுக்குள் துகள் உதிர்கிறதா என்று அந்தப் பன்னிரண்டில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

ஆரம்பம் நன்றாக இருந்து பின்னால் கவிழ்ந்த கதை எங்கள் துறைக்குப் புதிதல்ல. இன்றைய இடுப்பு மூட்டு மாற்றின் தந்தை என்று நாங்கள் போற்றும் ஜான் சார்ன்லி, 1950-களின் கடைசியில் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். வழுக்கும் பொருள், உராய்வு மிகக் குறைவு. நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள், அவருக்கும் பெருமை. சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் மளமளவென்று தேய்ந்து, உதிர்ந்த துகள்களைச் சுற்றி மூட்டுக்குள் திசு திரண்டுகொண்டது. பல நூறு பேருக்குச் செய்ததை அவரே ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்க வேண்டிவந்தது. அடுத்த பொருளை அவ்வளவு எளிதில் நம்ப அவருக்கு மனம் வரவில்லை. டெஃப்லானையும் புதிய பாலிஎத்திலீனையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். டெஃப்லான் இருந்த இடம் வீங்கியது, பாலிஎத்திலீன் சாதுவாகக் கிடந்தது. 1962-இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றுவரை உலகில் வைக்கப்படும் செயற்கை இடுப்புகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

உலோகத்தோடு உலோகம் என்ற யோசனை அதைவிடப் பழையது. லண்டனில் பிலிப் வைல்ஸ் 1938-இலேயே துருப்பிடிக்காத எஃகில் செய்து பார்த்தார். 1960-களில் கென்னத் மெக்கீ கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்தார். சில சீக்கிரமே ஆட்டம் கண்டன, சில பல பத்தாண்டுகள் அசையாமல் இருந்தன. சார்ன்லியின் மூட்டு வெற்றி பெற்றதும் அவை ஒதுங்கிப்போயின. பிறகு பாலிஎத்திலீன் துகள்கள் எலும்பை அரிப்பது தெரியவந்ததும், அந்த நெடுநாள் ஓடிய பழைய உலோக மூட்டுகள் மறுபடி நினைவுக்கு வந்தன. 1988-இல் சுவிட்சர்லாந்தில் பெர்ன்ஹார்டு வெபர் 28 மி.மீ. பந்தோடு அதை உயிர்ப்பித்தார். 1997-இல் பர்மிங்காமில் டெரெக் மெக்மின் இன்றைய ரீசர்ஃபேசிங்குக்கு வடிவம் கொடுத்தார். தொடை எலும்பின் தலையை வெட்டி எறியாமல், செதுக்கி அதன் மேல் ஓர் உலோகத் தொப்பி மாட்டுவது. உங்களிடம் இருப்பது இந்தப் பரம்பரை.

எண்ணளவில் அது கவர்ச்சியான யோசனைதான். பழைய வகைப் பாலிஎத்திலீன் ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. தேயும். நன்றாகப் பொருந்திய உலோக மூட்டு சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டுமே தேயும். பந்து பெரிதாக இருப்பதால் எளிதில் நழுவாது. பெரிய பந்து வேகமாக உருளும்போது நடுவில் மூட்டு நீர் மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஆய்வக எந்திரங்கள் காட்டின. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், இதுதான் இளவயதுக்காரர்களுக்கு விடிவு என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். இரண்டாண்டு முடிவுகளைக் காட்டும் கட்டுரைகள் அடுக்கடுக்காக வந்தன. அவற்றில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் இன்று நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது. அந்த நோயாளிகள் உண்மையிலேயே நன்றாக இருந்தார்கள்.

எந்திரம் சொல்லாத ஒன்று இருந்தது. கிண்ணம் சற்றே செங்குத்தாகப் பதிந்துவிட்டால், பந்து கிண்ணத்தின் நடுவில் அமராமல் விளிம்பில் ஏறி உரசும். அந்த இடத்தில் நீர்ப்படலம் கிழிந்துவிடும். தேய்மானம் பல மடங்காகும். உதிரும் துகள் நானோமீட்டர் அளவு. எடையில் ஒன்றுமில்லை, எண்ணிக்கையில் கோடானுகோடி. திசு அதைத் தின்று, சிலரிடம் நோயெதிர்ப்பு அணுக்கள் படையெடுத்து, மூட்டைச் சுற்றி நீர் கோத்த பை போலவோ திடமான கட்டி போலவோ திரளும். புற்றுநோய் இல்லை என்பதால் போலிக்கட்டி என்கிறோம். பெயரில்தான் போலி. அருகிலுள்ள தசையை, குறிப்பாக நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் தசையை, அது தின்றுவிடும். 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ரீசர்ஃபேசிங் செய்துகொண்ட 17 பேரிடம் இதைக் கண்டு எழுதினார்கள். 17 பேரும் பெண்கள். ஐந்தாண்டுக்குள் நூற்றில் ஒருவருக்கு இது வரலாம் என்பது அன்று அவர்களுடைய கணிப்பு.

உங்கள் மைத்துனர் படித்தது அநேகமாக ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டைப் பற்றியதாக இருக்கும். 2003-இல் வந்தது. அதன் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. அதனால் வைக்கும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பந்து விளிம்புக்குப் போய்விடும். 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்தும், 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. சுமார் 93,000 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. ஐந்தாண்டுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் ரீசர்ஃபேசிங் வகையில் நூற்றுக்கு 12, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டோடு கூடிய முழு மூட்டு வகையில் 13 என்று அப்போது அறிவித்தார்கள். பத்தாண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே பிரிட்டனில் அன்றைய அளவுகோல். 2014-இல் அதையும் ஐந்து சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.

இந்தக் குறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அறுவை நிபுணர்களின் கூர்மை மட்டும் அல்ல. வைக்கும் ஒவ்வொரு மூட்டையும், எடுக்கும் ஒவ்வொரு மூட்டையும் எழுதிவைக்கும் தேசியப் பதிவேடுகளும் அதைக் காட்டிக்கொடுத்தன. இங்கிலாந்து-வேல்ஸ் பதிவேட்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இடுப்புகளை அலசியதில் (இதுவும் 2012-இல் வெளியானது), தண்டோடு கூடிய உலோக-உலோக மூட்டுகளில் ஐந்தாண்டு மறு அறுவை 6.2 சதவீதம். பந்து பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசமானது. 60 வயது ஆணுக்கு 28 மி.மீ. பந்தில் 3.2 சதவீதம், 52 மி.மீ. பந்தில் 5.1. ஆய்வக எந்திரம் காட்டியதற்கு நேர் எதிர். இந்த வகை மூட்டில் விளிம்புத் தேய்மானத்தோடு, பெரிய பந்து தண்டோடு சேரும் கழுத்து இணைப்பும் அரிக்கப்படுகிறது. ரீசர்ஃபேசிங்கில் அந்த இணைப்பே கிடையாது. 'உலோக மூட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும்போது மைத்துனர் தவறவிடுவது இதைத்தான்.

இனி உங்கள் இடுப்புக்கு வருவோம்.

ரீசர்ஃபேசிங்கின் ஆரம்ப கால ஆபத்துகளில் முதலாவது, தொப்பிக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்து முறிவது. ஆஸ்திரேலியாவில் 3,497 அறுவைகளைக் கணக்கெடுத்தபோது 50 முறிவுகள். பெண்களுக்கு 1.91 சதவீதம், ஆண்களுக்கு 0.98. சராசரியாகப் பதினைந்தாவது வாரத்தில் முறிந்தன. நீங்கள் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பந்தின் அளவும் உங்களுக்குச் சாதகம். எலும்பு பருமனான, 55 வயதுக்கு உட்பட்ட ஆண்களிடம்தான் ரீசர்ஃபேசிங் நன்றாக நிலைத்திருக்கிறது. பெண்களுக்கும் சிறிய எலும்புக்காரர்களுக்கும் அது சரிவரவில்லை. 2015-இல் பர்மிங்காம் வகையைத் தயாரிப்பவர்களே 46 மி.மீ. வரையிலான சிறிய அளவுகளை விலக்கிக்கொண்டு, பெண்களுக்கு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்டோடு கூடிய மூட்டில் பெரிய பந்து கெடுதல் என்று மேலே சொன்னேன், ரீசர்ஃபேசிங்கில் சிறிய பந்துதான் கெடுதல். இந்த முரணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்களுக்கு வைத்தது இரண்டாவது வகை, உங்கள் அளவு 50.

அந்த "அதிகம்" என்ற சொல்லைப் பற்றி. ஆய்வகம் ஒப்பிட்டது உலோக மூட்டு இல்லாத ஆட்களோடு. அவர்களுக்கு கோபால்ட் ஒரு மைக்ரோகிராமுக்குள் இருக்கும். உங்களுக்குள் கோபால்ட்-குரோமியப் பந்து உருண்டுகொண்டிருக்கிறது, ஒன்றுக்குள் இருந்தால்தான் அதிசயம். பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இலிருந்து சொல்லும் எண் 7. இரண்டில் ஏதாவது ஒன்று லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, படமும் எடுக்க வேண்டும். சில நிபுணர்கள் ஒரு பக்க ரீசர்ஃபேசிங்குக்கு 4-ஐத் தாண்டினாலே கூர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. உங்கள் 2.8 இரண்டுக்கும் கீழே.

அதோடு, புது மூட்டுக்கு ஓர் இணக்கக் காலம் உண்டு. இரு உலோகப் பரப்புகளின் நுண்ணிய மேடுகள் ஒன்றையொன்று தேய்த்து வழவழப்பாகும்வரை துகள் சற்று அதிகமாகவே உதிரும். ரத்த அளவு பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும், அல்லது அதே மட்டத்தில் நிற்கும். ஆகவே ஒற்றை எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். அடுத்த ஆண்டு இதே எண் 2 ஆனால் நல்லது, 3-இல் நின்றாலும் பாதகமில்லை. 6 ஆகிவிட்டது என்றால், வலி துளியும் இல்லாவிட்டாலும் நான் படம் எடுக்கச் சொல்வேன்.

மறுபடி ரத்தம் கொடுக்கும்போது சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். நுண்ணளவு உலோகங்களுக்கென்று தனிக் குழாய் இருக்கிறது, அதில்தான் எடுக்க வேண்டும். சாதாரண ஊசியின் உலோகமே கணக்கைக் கெடுக்கும் என்பதால் பிளாஸ்டிக் குழல் போட்டு, முதலில் வரும் சில மில்லிலிட்டரை விட்டுவிட்டு எடுப்பது முறை. இரண்டு முறையும் ஒரே ஆய்வகம், முழு ரத்தம் என்றால் இரண்டு முறையும் முழு ரத்தம். சீரத்தோடு (அணுக்களை நீக்கிய ரத்த நீர்) ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். பி12 மாத்திரை எதுவும் எடுத்துக்கொண்டால் சொல்லிவிடுங்கள், அந்த வைட்டமினுக்குள்ளேயே கோபால்ட் இருக்கிறது. கூடவே சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். இந்த உலோகங்களை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சோர்ந்தால் மூட்டு ஒழுங்காக இருந்தாலும் எண் ஏறும்.

"விஷம்" என்ற சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். கோபால்ட் நஞ்சாகி, காது மந்தம், பார்வைக் குறைவு, இதயத் தசைப் பலவீனம், தைராய்டு கோளாறு வந்தவர்களின் விவரங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. அவை அபூர்வம். பெரும்பாலும் உங்கள் எண்ணைப்போல் பல பத்து மடங்கு, சிலருக்கு நூறு மடங்குக்கும் மேல் ஏறியவர்கள். புற்றுநோய் வருமா என்று எல்லோருமே கேட்கிறார்கள், நீங்கள் கேட்காமல் விட்டிருந்தாலும் மனதில் இருக்கும். பிரிட்டனில் பதிவேட்டையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் இணைத்துப் பார்த்ததில், முதல் ஏழு ஆண்டுகளில் உலோக-உலோக மூட்டுக்காரர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. ஏழாண்டு என்பது புற்றுநோய்க் கணக்கில் குறுகிய காலம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடை இடுக்குக் குத்தலை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அதைக் கேட்டதும் போலிக்கட்டி என்றும் பாயமாட்டேன். காலைத் தூக்கிக் காரில் வைக்கும்போது மட்டும் வருகிறது, நடக்கும்போது வருவதில்லை என்றால், இடுப்பை மடக்கும் தசைநாண் கிண்ணத்தின் முன்விளிம்பில் உரசுவது முதல் சந்தேகம். பெரிய பந்துக்குப் பெரிய கிண்ணம் தேவை. அதன் விளிம்பு எலும்பை விட்டு முன்னே துருத்தினால் இப்படி ஆகும். பிசியோதெரபியில் பலருக்குக் குறையும். 'டக்' சத்தத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. பெரிய பந்து வைத்த பலருக்கும் அது கேட்கும்.

வேறு சில அடையாளங்கள் தென்பட்டால் அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருக்காதீர்கள். குத்தல் நாள்தோறும் வருவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது, இடுப்பின் பக்கவாட்டிலோ தொடை இடுக்கிலோ வீக்கம், மூட்டு பிடி விட்டுப்போவது போன்ற உணர்வு, முன்பு இல்லாத நொண்டல். கடைசியாகச் சொன்னது எனக்கு மிக முக்கியம். நொண்டல் என்றால் தசை பலம் இழந்துகொண்டிருக்கலாம். தசை போன பிறகு செய்யும் மறு அறுவையும், தசை இருக்கும்போதே செய்யும் மறு அறுவையும் ஒன்றல்ல. போலிக்கட்டிக்காகத் தாமதமாகத் திறக்கப்பட்ட இடுப்புகள் சில மோசமாகத்தான் தேறின. மூட்டு திரும்பத் திரும்ப நழுவும், நடை சரியாகாது. வலி வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். போலிக்கட்டி உள்ள சிலருக்கு வலியே இருப்பதில்லை. வலி வரும்போது தசை கணிசமாகப் போயிருக்கும்.

இன்னொன்று, இது மருத்துவர்களே சறுக்கும் இடம். இந்த மூட்டிலிருந்து எடுக்கும் திரவம் சீழ் மாதிரியே கெட்டியாக, நிறம் மாறி இருக்கும். உள்ளே கிருமி இருக்காது, உலோகத் துகளும் செத்த திசுவும்தான். எந்திரம் அணுக்களை எண்ணினாலும் துகளைச் சேர்த்து எண்ணித் தப்பான கணக்குக் கொடுக்கும். யாராவது என்றைக்காவது "சீழ் பிடித்துவிட்டது" என்று சொன்னால், அணுக்களை மனிதக் கண்ணால் எண்ணி, கிருமி வளர்ப்புச் சோதனையும் பார்த்த பிறகே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் எக்ஸ்ரே, ஒரு நேரடிப் பரிசோதனை. குத்தல் இருப்பதால் ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்பேன். சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்தால் உலோகத்தைச் சுற்றிப் படம் சிதறிப்போகும். உலோகச் சிதறலைக் குறைத்து எடுக்கும் முறை தனியாக இருக்கிறது, எழுதிக் கேட்டால்தான் எடுப்பார்கள். அது கிடைக்காவிட்டால், மூட்டுப் படங்களில் பழகிய ஒருவரிடம் அல்ட்ராசவுண்டு. நீர்ப்பையும் இல்லை, தசையும் முழுசாக இருக்கிறது என்று தெரிந்தால், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, எக்ஸ்ரே, ரத்த அளவு. எத்தனை ஆண்டு என்று கேட்பீர்கள். மூட்டு உள்ளே இருக்கும் வரைக்கும். சில நாடுகளில் உங்களைப் போன்ற, தொந்தரவில்லாத ஆண்களுக்கு நடுவில் சில ஆண்டுகள் இடைவெளி விடுகிறார்கள். நான் முதல் ஐந்தாண்டுக்கு அந்த இடைவெளி விடமாட்டேன். என் சுபாவம் அப்படி.

இடது இடுப்புக்கு, முதல் பதில் அவசரப்படாதீர்கள் என்பதுதான். தேய ஆரம்பித்திருக்கிறது என்ற எக்ஸ்ரே வாசகத்துக்கு அறுவை செய்வதில்லை, தூக்கத்தையும் நடையையும் கெடுக்கும் வலிக்குத்தான் செய்கிறோம். அந்த நாள் வந்தால் அங்கேயும் உலோகத்தோடு உலோகம் வைப்பதை நான் விரும்பமாட்டேன். ரீசர்ஃபேசிங் உங்கள் வயது ஆணுக்குத் தகாதது என்பதால் அல்ல. இரண்டு பக்கமும் துகள் உதிர்ந்தால் ரத்தத்தில் எண் கூடும், எந்தப் பக்கம் குற்றவாளி என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். இப்போதைய பாலிஎத்திலீன் பழையது மாதிரி இல்லை, குறுக்குப் பிணைப்புகளை அதிகமாக்கியதால் தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதன் மேல் ஒரு செராமிக் பந்து, அதுதான் என் தேர்வு. வேறு மருத்துவர் ரீசர்ஃபேசிங்கே செய்யலாம் என்றால், ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேரை ஐந்தாண்டு தாண்டியும் பார்த்து வருகிறீர்கள் என்று கேளுங்கள். ஓராண்டு முடிவுகளைக் காட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

நீங்கள் அனுப்பியதில் ஒரு விவரம் மட்டும் இல்லை, எனக்கு மற்றதைவிட அதுதான் வேண்டும். நின்ற நிலையில் இடுப்பை முன்பக்கமாக எக்ஸ்ரே எடுத்தால், கிண்ணம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளக்கலாம். 40 முதல் 45 வரை இருந்தால் மனம் லேசாகிவிடும். 55-ஐத் தாண்டினால் விளிம்புத் தேய்மானத்தை எதிர்பார்த்து ரத்தம் பார்க்கும் இடைவெளியை ஆறு மாதமாகச் சுருக்கச் சொல்வேன். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் அந்தக் கோணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் அட்டையில் மூட்டின் பெயரும் வரிசை எண்ணும் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து, கோணத்தோடு சேர்த்து அனுப்புங்கள். மீதியை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.